43 வயதில் சர்வே படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. வணிகவியல் படித்துவிட்டு 19 வருடமாக ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு எங்கள் குடும்ப நிலத்தில் எல்லைத் தகராறு வந்தது. அளக்க வந்த சர்வேயர் பழைய வரைபடத்தைப் பார்த்தார், எங்கெங்கோ நின்று அளந்தார், கடைசியில் புதர் மண்டிய ஓரிடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். முழங்கால் ஆழத்தில் எல்லைக்கல் கிடைத்தது. அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. நில அளவையில் பட்டம் படிக்க நினைக்கிறேன். ஆனால் பள்ளிக்குப் பிறகு கணிதத்தைத் தொட்டதில்லை. முடிக்கும்போது 48 ஆகிவிடும். அந்த வயதில் யார் வேலை தருவார்கள்? வெயிலில் நாள் முழுக்க நிற்க முடியுமா? ஜிபிஎஸ், ட்ரோன் எல்லாம் வந்த பிறகும் இந்தத் தொழில் இருக்குமா? இப்போதே வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்கலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி)

பதில்:

படிக்கலாம். உங்களுக்கு இந்தத் தொழில் பொருந்தும் என்றுதான் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வருடக் கணக்கைச் சரி செய்துகொள்வோம். நீங்கள் 48 வரை கணக்குப் போட்டிருக்கிறீர்கள், அது பட்டம் கையில் வரும் வயது மட்டும்தான்.

பெரும்பாலான நாடுகளில் பட்டம் வாங்கியவுடன் எல்லை வரைபடத்தில் கையெழுத்துப் போட முடியாது. உரிமம் பெற்ற ஒரு சர்வேயரின் கீழ் சில வருடம் வேலை பார்க்க வேண்டும், செய்த வேலைகளைப் பதிவு செய்து காட்ட வேண்டும், அப்புறம் உரிமத் தேர்வு. சில இடங்களில் அந்தத் தேர்வு இரண்டு கட்டம். ஆக உங்கள் பெயரில், உங்கள் பொறுப்பில் ஒரு எல்லையைத் தீர்மானித்துக் கையெழுத்திடும்போது உங்களுக்கு 50 தாண்டியிருக்கும். பகுதிநேரமாகப் படித்தால் இன்னும் இரண்டு மூன்று வருடம் கூடும். இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். பயிற்சிக் காலம் சம்பளத்தோடுதான் போகும். தவிர, கையெழுத்துக்கு ஓய்வு வயது கிடையாது. எனக்குத் தெரிந்த சர்வேயர்களில் பலர் அறுபதைக் கடந்த பிறகும் நல்ல மதிப்போடு வேலை செய்கிறார்கள். களத்துக்கு இளையவர்களை அனுப்பிவிட்டு, ஆவணங்களையும் கணக்கையும் தாங்களே பார்க்கிறார்கள். 52 வயதில் உரிமம் கிடைத்தாலும் பத்துப் பதினைந்து வருடத் தொழில் மீதி இருக்கிறது.

இந்த வருடக் கணக்கைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சர்வே சம்பந்தமான பட்டங்கள் பல பெயர்களில் இருக்கின்றன: சர்வேயிங், ஜியோமேட்டிக்ஸ், ஜியோஸ்பேஷியல் இன்ஜினீயரிங், ஜிஐஎஸ். பெயரைப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத் தோன்றும். ஆனால் எல்லாமே உரிமத்துக்குக் கொண்டு போகாது. ஜிஐஎஸ் படிப்பு, அதாவது இடம் சார்ந்த தகவலைக் கணினி வரைபடத்தில் கையாளும் படிப்பு, நல்ல படிப்பு, அதற்கு நல்ல வேலைகளும் இருக்கின்றன. ஆனால் அதில் எல்லைச் சட்டமும் களப்பயிற்சியும் இல்லாமல் போகலாம். 22 வயதில் தவறான பட்டத்தில் சேர்ந்தவர் இன்னொன்று படித்துச் சமாளித்துவிடுவார். உங்களுக்கு அந்த அவகாசம் இல்லை. அதனால் கல்லூரியில் விசாரிப்பதற்கு முன்பு, உங்கள் ஊரில் சர்வேயர்களுக்கு உரிமம் தரும் வாரியம் எதுவோ அங்கே விசாரியுங்கள். எந்தப் பட்டத்தை ஏற்கிறார்கள், தொலைநிலையில் படித்தால் ஏற்பார்களா, பயிற்சி எத்தனை வருடம், பட்டத்துக்கு முன்பு பார்த்த சர்வே வேலையைப் பயிற்சியில் சேர்ப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பிறகு கல்லூரிக்குப் போங்கள். அங்கே கேட்க வேண்டியது ஒன்று: ஏற்கெனவே நீங்கள் வாங்கிய பட்டத்தில் இருக்கும் புள்ளியியல், மொழி, மேலாண்மைப் பாடங்களுக்கு விலக்கு உண்டா? பல இடங்களில் தருகிறார்கள். ஒரு பருவம் மிச்சமானாலும் லாபம்தான்.

சரி, உங்களுக்குப் பொருந்தும் என்று ஏன் சொன்னேன்?

அந்தக் கல்லைக் கண்டுபிடித்ததில் கருவிக்கு இருந்த பங்கு சின்னதுதான். கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் யாரும் அளக்கப் பழகிவிடலாம். அவர் செய்த பெரிய வேலை, பழைய வரைபடத்தில் இருந்த எந்த அளவை நம்புவது, எதைச் சந்தேகிப்பது என்று முடிவு செய்தது. எல்லை அளவையில் இதுதான் உயிர். ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நாடுகளின் நீதிமன்றங்கள் இதற்கு ஒரு வரிசையே வைத்திருக்கின்றன. ஆறு, பாறை போன்ற இயற்கை அடையாளத்துக்கு முதல் மதிப்பு. அடுத்து மனிதர் நட்ட கல், முளை. அதற்கும் கீழேதான் பத்திரத்தில் எழுதிய திசையும் தூரமும் வரும். பரப்பளவு அநேகமாகக் கடைசி. புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். பத்திரத்தில் 60 மீட்டர் என்று எழுதியிருக்கிறது, கல் 60.40-இல் இருக்கிறது, அப்படியென்றால் கல் தவறு என்பார்கள். முதலில் நட்ட கல் அசையாமல் அதே இடத்தில் இருக்கிறது என்று உறுதியானால், கல்தான் எல்லை. 60 என்பது அன்று அளந்தவர் அந்த எல்லையைப் பற்றி எழுதி வைத்த குறிப்பு.

அந்த 40 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது என்பதற்கும் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். பழைய அளவைகள் சங்கிலியால் நடந்தவை. குண்ட்டர் சங்கிலி 66 அடி நீளம், அதில் 100 கண்ணிகள். இழுத்து இழுத்து வளையங்கள் தேயத் தேய சங்கிலி நீளும். நீண்ட சங்கிலியால் அளந்தால் வரும் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். அதனால்தான் பழைய இரு கற்களுக்கு நடுவே இன்று அளந்தால் வரைபடத்தில் உள்ளதைவிடச் சற்று அதிகமாகவே வருவதை அடிக்கடி பார்க்கிறோம். நடுவில் இருந்த கற்கள் தொலைந்துபோயிருந்தால், அந்த மிகுதி யாருக்குச் சொந்தம்? கடைசி மனைக்காரருக்கா? பல இடங்களில் எல்லா மனைகளுக்கும் விகிதப்படி பங்கிடுவதுதான் முறை. ஆனால் அந்த முறையை எடுக்கும் முன் வேலிக்கால், பழைய சுவர், வாய்க்கால் கரை, பக்கத்து நிலத்தின் பத்திரம் எல்லாவற்றையும் பார்த்து, தொலைந்த கல் எங்கே இருந்தது என்பதற்கு வேறு சான்றே இல்லை என்று தீர வேண்டும்.

இப்போது உங்கள் 19 வருடத்தை யோசித்துப் பாருங்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஆவணங்களை எதிரில் பரப்பி வைத்துக்கொண்டு, எது மூலம், எது நகல், யார் எப்போது எழுதியது, எங்கே எண் மாறியது என்று தேடும் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தீர்கள். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இளம் பட்டதாரிகளுக்குக் கற்றுக்கொடுக்க மிகவும் சிரமப்படும் பழக்கம் இதுவே. அதோடு இன்னொன்று. எல்லை வேலையில் பாதி நேரம் கோபமாக இருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறோம். அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, யார் பக்கமும் சாயாமல், கண்டதைக் கண்டபடி சொல்வதற்கு ஒரு முதிர்ச்சி வேண்டும். அது வகுப்பில் வராது.

ஆனால் கணக்குப் பிரிவில் படிந்த ஒரு பழக்கத்தை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். உங்கள் பேரேட்டில் வித்தியாசம் பூஜ்யமாக வந்தால்தான் நிம்மதி. எங்களுக்கு பூஜ்யம் வந்தால் சந்தேகம். ஒரு நிலத்தைச் சுற்றி டிராவர்ஸ் ஓட்டி, அதாவது புள்ளிக்குப் புள்ளி கோணமும் தூரமும் அளந்துகொண்டே போய், புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்தால், எப்போதும் சில மில்லிமீட்டரோ சென்டிமீட்டரோ விலகும். எல்லா அளவிலும் கொஞ்சம் பிழை உண்டு. அது சேர்ந்து இவ்வளவு வரலாம் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்போம். அதற்குள் இருந்தால் பிழையை எல்லாக் கோடுகளுக்கும் பங்கிட்டுச் சமன் செய்வோம். அதைத் தாண்டினால் பங்கிடவே கூடாது. எங்கோ பெரிய தவறு இருக்கிறது, தேடிப் பிடிக்க வேண்டும். எந்தப் பிழை தற்செயல், எது கருவியில் இருந்து ஒரே பக்கமாக வருகிறது, எது ஆள் செய்த தவறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், இந்தப் படிப்பின் கடினமான பகுதியைத் தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பிழையைச் சமன் செய்ய இன்றும் பயன்படும் மீச்சிறு வர்க்க முறையை வளர்த்தவர்களில் ஒருவர் கணித மேதை காஸ். அவரே 1820-களில், நாற்பதைத் தாண்டிய வயதில், ஹானோவர் நாட்டைக் களத்தில் இறங்கி அளந்தவர். வெகு தூரத்துக் குறியைப் பார்க்க வேண்டும் என்று சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பிவிடும் ஹீலியோட்ரோப் கருவியை உருவாக்கியதும் அந்த வேலைக்காகத்தான்.

கணிதம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வேண்டியது என்ன என்று தெரிந்தால் பாதி பயம் போகும். முதல் இரண்டு வருடத்துக்கு முக்கோணவியல்தான் சோறு போடும். சைன் விதி, கொசைன் விதி, கோணத்தையும் தூரத்தையும் ஆயத்தொலைவாக மாற்றுவது, ஆயத்தொலைவிலிருந்து பரப்பளவு காண்பது. இவை கையில் வந்துவிட வேண்டும், யோசித்துச் செய்யும் நிலையில் இருக்கக் கூடாது. அணிகளும் புள்ளியியலும் பிழையைச் சமன் செய்ய வேண்டும். நுண்கணிதம் ஓரளவு வரும். பாடத்திட்டத்தில் இருப்பதால் தேற வேண்டும், தினசரி வேலையில் அரிதாகத்தான் தொடுவீர்கள். சேர்வதற்கு முன் ஆறு மாதம், தினம் ஒரு மணி நேரம் பள்ளிப் புத்தகத்தோடு உட்காருங்கள். அப்புறம் ஐந்து பக்க நிலம் ஒன்றைக் கற்பனையாக வரைந்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் திசையும் நீளமும் கொடுத்து, வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் பிரித்து, சுற்றி வந்து மூடுகிறதா என்று கையால் போட்டுப் பாருங்கள். மென்பொருள் வேண்டாம். அந்தக் கணக்கு உங்களுக்குப் பிடித்தால் தயங்காமல் சேரலாம்.

கோணத்தின் மதிப்பை மனதில் வாங்கிக்கொள்வதும் முக்கியம். 20 விநாடிக் கோணப் பிழை (ஒரு விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) 100 மீட்டரில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டரில் பூமியின் வளைவு மட்டும் உயரத்தில் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். உயர வித்தியாசம் காண லெவல் கருவியை வைக்கும்போது முன்பார்வையும் பின்பார்வையும் (முன்னாலும் பின்னாலும் பார்க்கும் புள்ளிகள்) கருவியிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்தும்போது காரணம் புரியும்: சம தூரமானால் வளைவாலும் கருவியின் சாய்வாலும் வரும் பிழை இரண்டு பார்வையிலும் ஒரே அளவில் விழும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது போய்விடும்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். இதில் மழுப்பக் கூடாது. டிரைபாடையும் கருவிப் பெட்டியையும் சேர்த்துத் தூக்கினால் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். மேடு பள்ளத்தில் நடக்க வேண்டும், முளை அடிக்க வேண்டும், புதர் வெட்டிப் பார்வைக்கோடு திறக்க வேண்டும், ஓடும் வண்டிகளுக்குப் பக்கத்தில் சாலை ஓரத்தில் நிற்க வேண்டும். வெயிலைவிட முழங்காலும் இடுப்பும்தான் நாற்பதுக்கு மேல் உங்களைச் சோதிக்கும். மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இப்போதிருந்தே கொஞ்சம் எடை தூக்கி நடக்கப் பழகுங்கள். வாசிப்புக் கண்ணாடி போட்டிருந்தால் அது ஒரு தடையே இல்லை, தொலைநோக்கியின் கண்வில்லையை உங்கள் கண்ணுக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளலாம். பெண் என்பதால் களத்தில் சிரமம் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கழிப்பறை, தனியாகப் போகும் இடங்களின் பாதுகாப்பு இரண்டும் உண்மையான பிரச்சினைகள். வேலைக்குச் சேரும் நிறுவனத்தில் இவற்றை வெளிப்படையாகக் கேளுங்கள். தட்டிக் கழிக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம்.

உடம்பு ஒத்துழைக்காது என்று தெரிந்தாலும் வழி அடைபடவில்லை. ஆவண ஆய்வு, கணக்கீடு, வரைபடம் தயாரித்தல், ட்ரோன் படங்களிலிருந்து நில அமைப்பை உருவாக்குதல் என்று அலுவலகத்திலேயே முழு நாளும் ஓடும் வேலை நிறைய இருக்கிறது. ஆனால் களத்தை அறவே தவிர்த்துவிட்டு நல்ல எல்லை சர்வேயர் ஆக முடியாது. பயிற்சிக் காலத்திலாவது மண்ணில் நடந்தே ஆக வேண்டும். கடல், துறைமுக ஆழம் அளக்கும் ஹைட்ரோகிராஃபி, சுரங்க அளவை போன்ற கிளைகளும் உண்டு. வாரக்கணக்கில் வீட்டை விட்டு இருக்க வேண்டியிருக்கும் என்பதால் உங்கள் நிலையில் அவற்றை முதல் தேர்வாக வைக்க மாட்டேன்.

ஜிபிஎஸ்ஸும் ட்ரோனும் தொழிலைத் தின்றுவிடுமா? ஒரு பகுதியை ஏற்கெனவே தின்றுவிட்டன. முன்பு மூன்று நான்கு பேர் போன வேலைக்கு இன்று ரோபோட்டிக் டோட்டல் ஸ்டேஷனோடு ஒருவரோ இருவரோ போகிறார்கள். ஸ்டாஃப் (அளவுகோல் கம்பு) பிடிக்க, சங்கிலி இழுக்க என்று சேர்ந்து தொழில் கற்ற பழைய வாசல் குறுகிவிட்டது. இது உங்களையும் பாதிக்கும். ஆனால் அளவு எளிதாகக் கிடைக்கக் கிடைக்க, தவறான அளவும் எளிதாகவே கிடைக்கிறது. ஆர்டிகே என்னும் துல்லியமான செயற்கைக்கோள் அளவைக் கருவி திறந்த வெளியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துல்லியம் தரும். அதே கருவி மர நிழலிலோ உயரமான சுவர் பக்கத்திலோ தெறித்து வரும் சமிக்ஞையை வாங்கிக்கொண்டு, திரையில் எல்லாம் சரி என்று காட்டியபடியே தவறான இடத்தைச் சொல்லும். செயற்கைக்கோள் தரும் உயரம் பூமிக்கு ஒப்பாக வைத்த ஒரு கணித வடிவத்திலிருந்து அளந்தது. தண்ணீர் ஓடுவதோ புவியீர்ப்பைப் பொறுத்தது. இந்த இரண்டு உயரங்களுக்கும் இடையே உலகின் சில பகுதிகளில் 100 மீட்டர் வரைகூட வித்தியாசம் உண்டு. அது தெரியாமல் வடிகால் அமைத்தால் தண்ணீர் எதிர்ப்பக்கம் போகும். உருண்டையான பூமியைத் தட்டையாக்கிக் காட்டும் யூடிஎம் வரைபடக் கட்டத்தில், மைய நெடுங்கோட்டருகே தரையில் உள்ள 1 கிலோமீட்டர் தூரம் 999.6 மீட்டராகத்தான் இருக்கும். அதைத் திருத்தாமல் கட்டத்து அளவை அப்படியே பாலத்துக்குக் கொடுத்தால் கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் இடிக்கும். கருவி மலியும்போது இதையெல்லாம் அறிந்த ஆளின் தேவை கூடுகிறது. எல்லையைத் தீர்மானிப்பதை எந்த ட்ரோனும் செய்யாது. மண்ணுக்குள் முழங்கால் ஆழத்தில் இருக்கும் கல் படத்தில் விழாது, விழுந்தாலும் அது எந்தக் கல் என்று சட்டப்படி பொறுப்பேற்றுச் சொல்ல ஒருவர் வேண்டும்.

48 வயதில் யார் வேலை தருவார்கள்? பெரிய நிறுவனங்களின் புதுப் பட்டதாரித் திட்டங்கள் உங்களைத் தேடி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் வாசல் சிறிய சர்வே அலுவலகங்கள். உரிமம் பெற்ற ஒருவர், இரண்டு மூன்று உதவியாளர்கள் என்று நடக்கும் இடங்கள். பல நாடுகளில் உரிமம் பெற்றவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, அந்த இடத்துக்கு வர இளையவர்கள் போதவில்லை என்று தொழில் சங்கங்கள் கவலைப்படுகின்றன. அப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தின் மூத்தவருக்கு, பதிவேடுகளைப் படிக்கத் தெரிந்த, வாடிக்கையாளரிடம் நிதானமாகப் பேசத் தெரிந்த, விலைப்புள்ளியும் வரவு செலவும் போடத் தெரிந்த பயிற்சியாளர் கிடைப்பது பெரிய விஷயம். அலுவலகத்தையே பின்னாளில் உங்களிடம் ஒப்படைக்கலாமா என்று யோசிப்பவர்களும் இருப்பார்கள். ஆனால் முதல் சில வருடம் உங்கள் சம்பளம் இப்போதையதைவிடக் குறையலாம், உங்களைவிட 15 வயது இளையவர் உங்களுக்கு உத்தரவிடுவார். இந்த இரண்டையும் வீட்டில் உட்கார்ந்து இப்போதே பேசிவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, வேலையை விடலாமா என்பது. இப்போது வேண்டாம். முதலில் உங்கள் நிலத்தை அளந்த அந்த சர்வேயரையே போய்ப் பாருங்கள். விடுமுறை நாட்களில் உதவியாளராக வரலாமா என்று கேளுங்கள், கூலி பற்றிப் பேச வேண்டாம். அவர் முடியாது என்றால் இன்னும் நான்கு பேரிடம் கேளுங்கள். நான்கைந்து மாதம் அப்படிப் போய் வாருங்கள், வெயில் காலமும் மழைக் காலமும் அதில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கல் கிடைக்கும் நாட்கள் குறைவு. காலையிலிருந்து தோண்டியும் ஒன்றும் கிடைக்காத நாள், ஒரு கோடு மூடாததால் மறுநாள் முழுவதையும் திரும்ப அளக்கும் நாள், பதிவேட்டு அறையில் தூசியோடு கழியும் நாள், இவைதான் அதிகம். அந்த நாட்களிலும் திரும்பிப் போக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால், வாரியத்தின் பதிலும் கையில் வந்திருந்தால், பகுதிநேரமாகவோ தொலைநிலையிலோ முதல் வருடத்தைத் தொடங்குங்கள். களப்பயிற்சி முகாம்களுக்கு விடுப்பு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடக் கணிதமும் அடிப்படை சர்வேயும் தேறிய பிறகு, ஒரு சர்வே அலுவலகத்தில் சின்னச் சம்பளத்துக்காவது இடம் உறுதியான பிறகு, இப்போதைய வேலையிலிருந்து விலகும் கடிதத்தை எழுதலாம்.